தெருப்பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் தெருவின் ஒரு முனையில் காலையில் மீன் விற்கிற அக்கா உட்கார்வார். மறுமுனையில் பிரியாணிக் கடை. நடுவில் நாலு அடுக்குமாடிக் கட்டடமும் ஒரு பாழடைந்த கார் ஷெட்டும். இப்படிப்பட்ட இடத்தில் பூனை பெருகாமல் இருந்தால்தான் அதிசயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை நாலு குட்டி போட்டது. அதில் ஆரம்பித்தது, தெருப்பூனையைக் கூண்டில் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே விடுகிற இந்த வேலை. அன்றிலிருந்து கேட் வாசலிலும் பால் பூத்திலும் ராத்திரி பதினோரு மணி போனிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. நான் டாக்டர் இல்லை, கூண்டு தூக்குகிறவள். மருந்து, மயக்கம், தையல் விஷயத்தில் உங்கள் கால்நடை டாக்டர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு ஜோடிப் பூனையிலிருந்து ஏழு வருஷத்தில் நாலு லட்சம் பூனை வருமாமே, நிஜமா?

இல்லை. 4,20,000 என்ற அந்த எண் போஸ்டர்களில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது, எல்லாம் வளர்ந்து உடனே குட்டி போடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வெளியில் வாழும் பூனைகளுக்குப் பிறந்த 169 குட்டிகளைக் கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 127 குட்டிகள் ஆறு மாதம் முடிவதற்குள் செத்துப்போயின அல்லது காணாமல்போயின. நாலில் மூன்று.

அதனால் பெருகாது என்றும் சொல்லிவிட முடியாது. பெட்டை ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வரும், சிலது நாலு மாதத்திலேயே. சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். குளிர் நாடுகளில் பகல் குறுகுகிற மாதங்களில் பெட்டை கடுவனைத் தேடிக் கத்துவது நின்றுபோகும். சென்னையில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆகவே கிட்டத்தட்ட வருஷம் முழுக்க சீசன். போதாததற்கு, பூனைக்குக் கடுவனோடு கூடிய பிறகுதான் கருமுட்டை வெளியே வரும். அதனால் கூடியது வீணாவது குறைவு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு அப்பா வேறு வேறாகவும் இருக்கலாம்.

நாலு லட்சத்தைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. மழைக்காலத்தில் கார் ஷெட்டைக் கூட்டும்போது முறத்தில் வந்த குட்டிகளை எண்ணியிருக்கிறேன். எனக்கு அந்தக் கணக்கே போதும்.

இவ்வளவு பாடு எதற்கு? சாக்கில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டால் போயிற்று.

எங்கள் கட்டடத்திலேயே அதைச் செய்து பார்த்தார்கள். ஆறு பூனை போயிற்று. அடுத்த சித்திரைக்குள் ஏழு பூனை வந்திருந்தது, எல்லாம் புது முகம். மீன் அக்காவும் பிரியாணிக் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கும்போது பூனை வராமல் என்ன செய்யும்?

இது நம் தெருவில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா காடுகளில் பறவை, சிறு விலங்குகளைக் காப்பாற்ற இரண்டு இடங்களில் பூனைகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். தானியங்கி கேமரா வைத்து எண்ணியபோது, ஓரிடத்தில் பூனை எண்ணிக்கை சராசரியாக 75 சதவீதமும் இன்னோரிடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தது. இடத்தை ஆண்டுகொண்டிருந்த பெரிய பூனைகள் போனதும் சுற்றுவட்டாரத்து இளசுகள் உள்ளே நுழைந்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அடியோடு ஒழித்த இடங்களும் உண்டு. தென் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவுக்கு 1949-ல் எலித் தொல்லைக்காக ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-ல் அவை சுமார் 3,400 ஆகிவிட்டன. அந்த வருஷம் பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோயை வேண்டுமென்றே பரப்பினார்கள். பிறகு ராத்திரி ராத்திரியாகத் துப்பாக்கியோடு அலைந்தார்கள். கடைசிப் பூனை ஒழிந்தது 1991-ல். பூனை போன பிறகு எலிகள் பெருகி, கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் பறவைகளையே கடித்துத் தின்ன ஆரம்பித்தது தனிக் கதை. யாரும் குடியிராத, சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவில் அத்தனை வருஷம் ஆயிற்று. நம் தெருவைச் சுற்றிக் கடலா இருக்கிறது?

கொண்டுபோய் விடப்பட்ட பூனை என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று எதுவும் தெரியாத இடம். பட்டினியும் தாகமுமாகத் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நீங்கள் சோறு வைப்பதால்தானே வருகிறது? நிறுத்தினால் போய்விடாதா?

பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். வயிறு நிறைந்த பெட்டை அதிகக் குட்டி போடும், குட்டிகளும் பிழைக்கும். சோறு மட்டும் வைத்துவிட்டு ஆபரேஷனைப் பற்றி நினைக்காதவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. தினமும் முப்பது ரூபாய்க்கு மத்தி வாங்கிப் போடும் ஒரு பெரியவரிடம், "ஐயா, ஒரு மாசம் மீன் காசை எடுத்து வையுங்கள், ஒரு பெட்டையை ஆபரேஷனுக்கு நான் கூட்டிப்போகிறேன்" என்று இரண்டு வருஷம் கெஞ்சினேன். கடைசியில் அவர் வீட்டு ஷூ ரேக்குக்குள் ஒரு பெட்டை குட்டி போட்ட பிறகுதான் சரி என்றார்.

ஆனால் வாடிக்கையாகச் சோறு வைப்பவர் இல்லாமல் ஒரு பூனையையும் பிடிக்க முடியாது. எந்த நேரத்துக்கு எது வரும், எது சினை, எது புதுசு என்பது அவருக்குத்தான் தெரியும். சோற்றை நிறுத்திப் பூனையை விரட்டுகிறேன் என்பவர்கள், முதலில் பிரியாணிக் கடைக் குப்பைத் தொட்டிக்கு மூடி போட வையுங்கள். அது நிஜமாகவே பலன் தரும்.

தெருவில் பத்துப் பதினைந்து திரிகிறது. நாலைந்துக்குச் செய்தால் குறையாதா?

குறையாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பத்துத் தெருவில் தெருவுக்கு இரண்டு பூனைக்குச் செய்வதும் சும்மா இருப்பதும் எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றுதான். அந்த இருபது பூனைக்கு நல்லது, அவ்வளவே. ஒரு பெட்டை மிஞ்சினாலும் அவளுக்குப் பிறப்பவை, போட்டி குறைந்த தெருவில் சுகமாக வளர்ந்துவிடும். அமெரிக்காவில் இரண்டு மாவட்டங்களின் பல வருஷக் கணக்கை வைத்து 2005-ல் போட்ட மதிப்பீடு, எண்ணிக்கை இறங்க வேண்டுமானால் 71 முதல் 94 சதவீதம் பூனைகளுக்குக் கருத்தடை ஆகியிருக்க வேண்டும் என்றது. அந்த மாவட்டங்களில் நடந்துகொண்டிருந்தது அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

முழுசாகச் செய்த இடங்களில் பலன் தெரிந்திருக்கிறது. மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991-ல் ஆரம்பித்துப் பதினோரு வருஷம் விடாமல் செய்தார்கள். மொத்தம் 155 பூனைகள் கணக்கில் வந்தன. 1995-க்குப் பிறகு வளாகத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2002-ல் மிச்சம் இருந்தவை 23. இதில் ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது, கிட்டத்தட்டப் பாதிப் பூனைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் மட்டும் இந்தக் குறைவைக் கொண்டுவரவில்லை. மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் 1992-ல் சுமார் 300 பூனை இருந்தது, 2009-ல் ஒன்றும் இல்லை. பதினேழு வருஷம் ஆனது.

தோற்ற கதையும் தெரிந்திருக்கட்டும். ரோம் நகரத்தில் 1991 முதல் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்குச் செய்தார்கள். எண்ணிக்கை இறங்கியது, ஆனால் சொற்பமாக. காரணம், வீட்டில் வளர்த்தவர்கள் வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரிலும் இதே நோய்தான். "எங்க வீட்டுப் பூனை வெளியே போகாது, எதுக்கு ஆபரேஷன்?" என்பவர் வீட்டுக் குட்டிகள்தான் ஆறாம் மாதம் அட்டைப்பெட்டியில் என் கேட்டுக்கு வருகின்றன.

ஆகவே சின்ன இடமாக எடுங்கள். ஒரு கட்டடம், ஒரு சந்து, ஒரு மீன் மார்க்கெட்டின் பின்புறம். அதை முடிக்காமல் அடுத்த தெருவுக்குப் போகாதீர்கள்.

முடிப்பது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நோட்டுப் புத்தகத்திலிருந்து. இரண்டு வாரம், காலை ஐந்து மணிக்கும் இரவு பத்துக்கும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள், போட்டோ எடுங்கள். எங்கள் நோட்டில் "கொண்டைமுடி", "பாதி மீசை", "சந்தனம்", "சந்தனம் மாதிரியே ஆனால் வால் வளைஞ்சது" என்று எல்லாம் இருக்கிறது. மூன்று நிறம் கலந்தது ஏறத்தாழ எப்போதும் பெட்டைதான். ஆரஞ்சு பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, கழுத்து தடித்து, காதில் கிழிசலோடு திரிவது வயசான கடுவன்.

முதலில் பெட்டைகளைப் பிடியுங்கள். கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்து ஒன்று மிஞ்சினாலும் அந்த ஒன்று தெரு முழுக்கப் போதும்.

கிட்டே போனாலே ஓடுகிறது. எப்படிப் பிடிப்பது?

கையால் பிடிக்காதீர்கள். கோணிப்பை, போர்வை, மீன் வலை எதுவும் வேண்டாம். பயந்த பூனை கடித்தால் பல் எலும்பு வரை இறங்கும்.

முதல் வருஷம் எனக்கும் இந்த அறிவு இல்லை. ஊரிலிருந்து கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் ஒன்றை வரவழைத்து, குச்சியால் முட்டுக்கொடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். சந்தனம் வந்தது, உள்ளே போனது, கயிற்றை இழுத்தேன். பஞ்சாரத்தோடு சேர்த்து அது தெருக்கோடி வரை ஓடியதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்து சிரித்தார். அதற்கப்புறம் நாலு மாதம் சந்தனம் என் பக்கம் திரும்பவில்லை.

தேவை பெரிய எலிப்பொறி மாதிரியான கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு மிதிதகடு, மிதித்தால் பின்னால் கதவு விழும். மூன்றடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். வெல்டிங் கடையில் படம் காட்டினால் செய்து தருவார்கள். கதவு விழும் இடத்தில் வால் நசுங்காமல் இருக்கிறதா, உள்பக்கம் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பிடிக்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே கூண்டைக் கதவு விழாதபடி கட்டி, அதன் பக்கத்திலேயே சோறு வையுங்கள். அப்புறம் வாசலில், பிறகு உள்ளே. பிடிக்கிற நாளைக்கு முந்தின இரவு தெருவில் யாருமே சோறு வைக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது, இதுதான் கஷ்டம். "பாவம், கத்துச்சும்மா" என்று மூன்றாம் மாடி மாமி ஒரு கரண்டி தயிர்சாதம் வைத்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. மாமியை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரைக்கு நெத்திலிக் கருவாட்டை வெல்ல எதுவும் இல்லை. வாசனைக்கு இரண்டு போதும், மிதிதகட்டுக்கு அப்பால் வையுங்கள். அதுவும் எடுபடாத கிழட்டுக் கடுவனுக்கு வேகவைத்த கோழி ஈரல். கதவு விழுந்ததும் பூனை கூண்டில் முட்டி மோதும். உடனே பழைய வேட்டியோ புடவையோ போட்டு முழுசாக மூடுங்கள். இருட்டானதும் அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். மூடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூண்டில் வேறு ஏதாவது மாட்டினால்?

மாட்டும். பெருச்சாளி, கீரி, ஒருமுறை காக்கை. மரங்கள் உள்ள பகுதியில் மரநாயும் வரும். கீரியும் மரநாயும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அங்கேயே கதவைத் திறந்துவிட வேண்டும். இதனால்தான் கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கக் கூடாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

சினையாக இருந்தால்? குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால்?

சினையாக இருந்தாலும் பல டாக்டர்கள் செய்வார்கள், கரு கலைந்துவிடும். நிறைசினை என்றால் ரத்த இழப்பு முதலான ஆபத்து கூடும், டாக்டர் பார்த்து முடிவு செய்வார். மனசு ஒப்பாதவர்கள் குட்டி போட்டுப் பால் மறக்கும் வரை காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் அடுத்த சினையைத்தான் பார்த்தார்கள்.

பால் கொடுப்பவளை முலைக்காம்பைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காம்பு தடித்து, சுற்றி முடி உதிர்ந்திருக்கும். குட்டிகள் எங்கே என்று தெரியாமல் அவளைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பது சும்மா இல்லை, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குட்டிகள் பசியில் போய்விடும். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகித் தானாகச் சாப்பிட ஆரம்பித்ததும் தாயைப் பிடியுங்கள். தவறுதலாகப் பிடித்து ஆபரேஷனும் ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், பால் சுரப்பு நிற்காது. மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சீக்கிரம் கொண்டுவந்து விடுங்கள்.

என்ன ஆபரேஷன்? எத்தனை மாதத்தில் செய்யலாம்?

கடுவனுக்கு இரண்டு விதைகளையும் எடுப்பார்கள், சில நிமிஷ வேலை, பெரும்பாலும் தையல்கூட இருக்காது. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சினைப்பைகளையும் வழக்கமாகக் கருப்பையையும் எடுப்பார்கள். தெருப்பூனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தானாகக் கரையும் நூலில் தைப்பார்கள். தையல் பிரிக்க அதை இன்னொரு முறை பிடிக்க முடியாது.

இரண்டு மாதம் ஆகி ஒரு கிலோ எடை இருந்தால் செய்யலாம் என்பது பல நாடுகளில் வழக்கம். இங்கே நிறைய டாக்டர்கள் நாலைந்து மாதம் ஆகட்டும் என்பார்கள். முதல் முறை கத்துவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. குட்டிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டுவிடாதீர்கள், சர்க்கரை இறங்கி மயக்கத்திலிருந்து எழாமல் போகலாம். எத்தனை மணி நேரம் என்பதை வயசைச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் நோட்டில் ஒரு பூனையின் பெயருக்கு நேராகத் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. ஒல்லிக் கடுவன், வெளியே பார்க்க நோய் ஒன்றும் தெரியவில்லை, மயக்கத்திலிருந்து எழவில்லை. அன்றிலிருந்து மூக்கு ஒழுகுகிற, எலும்பு தெரிகிற பூனையைப் பிடித்தால் முதலில் வைத்தியம், பிறகுதான் ஆபரேஷன்.

காதை ஏன் வெட்டுகிறார்கள்? கொடுமையாக இல்லையா?

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவு நேராக எடுத்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்ததும் "இதற்கு ஆகிவிட்டது" என்று தெரிய அதைவிட நல்ல வழி இல்லை. கழுத்துப் பட்டை மரத்தில் மாட்டித் தூக்குக் கயிறாகிவிடும், பச்சை குத்தினால் பிடித்தால்தான் தெரியும். ஜப்பானில் நுனியில் முக்கோணமாக வெட்டுகிறார்கள், செர்ரிப்பூ இதழ் போல இருப்பதால் சகுரா பூனை என்று பெயர். அங்கே கடுவனுக்கு வலது காது, பெட்டைக்கு இடது.

காது வெட்டாமல் விட்ட ஒரு பெட்டையை மறு வருஷம் திரும்பப் பிடித்து, வயிற்று முடியை மழித்த பிறகு பழைய தழும்பைப் பார்த்து டாக்டர் என்னை முறைத்தார். கொடுமை அதுதான்.

முடிந்ததும் அன்றைக்கே விட்டுவிடலாமா?

கூடாது. கடுவனுக்கு ஒரு நாள், பெட்டைக்கு இரண்டு மூன்று நாளாவது அடைத்து வையுங்கள். டாக்டர் கூடுதலாகச் சொன்னால் கூடுதலாக. மயக்கம் தெளியும்போது உடம்பு சில்லிட்டுப்போகும், ஏ.சி. அறையும் மின்விசிறிக்கு நேர் கீழும் ஆகாது. தலை நிற்கும் முன் தண்ணீர்க் கிண்ணம் உள்ளே வைக்காதீர்கள், மூக்கை அதில் போட்டுக்கொண்டு தூங்கிவிடும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றால் போகும்.

நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. ரத்த வாசனைக்கு அரை மணி நேரத்தில் சாரி சாரியாக வந்துவிடும். கூண்டை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, பெஞ்சின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் நிறுத்திவையுங்கள். பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததுதான். ஈ உட்காராமல் மெல்லிய துணி போட்டு மூடுங்கள். காயத்தில் மஞ்சள் பூசாதீர்கள். தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், பூனைக்கு அது விஷம். அதைவிட முக்கியம், காய்ச்சல் வலி என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

ஆபரேஷனோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடச் சொல்லுங்கள். முடிந்தால் பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பார்வோ வகை வைரஸுக்கும். அந்த வைரஸ் கூண்டிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகையால் பூனை இல்லாத நேரத்தில் கூண்டை பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துத்தான் அடுத்த பூனைக்கு.

விடுவது பிடித்த இடத்திலேயே.

ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே. பாவம் சேராதா?

குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆறு மாதத்துக்குள் செய்த பெட்டைகளுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 91 சதவீதம் குறைவு என்று 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. பாவ புண்ணியம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்பவர்களை ஒரு முறை என்னோடு கார் ஷெட்டுக்கு வரச் சொல்வேன்.

ஆபரேஷன் வேண்டாம், ஊசி மாத்திரை இருக்கிறதாமே?

ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் உண்டு. தெருப்பூனைக்கு அளவும் நாளும் பார்த்துக் கொடுக்க முடியாது. கருப்பையில் சீழ் பிடிப்பது, மார்பகக் கட்டி எல்லாம் வரும். கடையில் கேட்டு வாங்கிச் சோற்றில் கலந்து வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரே ஊசியில் மரபணு வழியாகக் கரு தரிக்காமல் செய்யும் முறை ஒன்றை ஆறு பெட்டைகளிடம் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷம் பார்த்தும் ஒன்றும் சினையாகவில்லை. கடைக்கு வரட்டும், முதல் ஆளாக நான் வரிசையில் நிற்பேன்.

ராத்திரிச் சண்டையும் மூத்திர நாற்றமும் நிற்குமா?

நன்றாகக் குறையும், உடனே இல்லை. கடுவனுக்கு ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும். ஆபரேஷனுக்குப் பின்னும் ஒன்றரை மாதம் வரை அதனால் சினை பிடிக்க வைக்க முடியும் என்பதையும் மறக்காதீர்கள். கட்டட அசோசியேஷனை என் பக்கம் திருப்பியது எந்த வாதமும் இல்லை, இரண்டாவது மாதம் தரைதள வீட்டுக்காரர் "இப்பல்லாம் தூங்க முடியுதும்மா" என்றதுதான்.

எலி பிடிப்பதை நிறுத்திவிடுமா?

நிறுத்தாது. முன்பு எவ்வளவு சோம்பேறியோ அவ்வளவு சோம்பேறியாகவே இருக்கும்.

அப்படியானால் குருவியையும் பிடிக்குமே?

பிடிக்கும். இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆபரேஷன் ஆன பூனை குட்டி போடாதே தவிர, அது சாகும் வரை வேட்டையாடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கிண்டி தேசியப் பூங்கா மாதிரி இடங்களின் ஓரத்தில் சோறு வைத்துப் பூனைக் கூட்டம் சேர்ப்பது தவறு என்பது என் கட்சி. என்னோடு கூண்டு தூக்குகிற சிலருக்கே இதில் என்மேல் வருத்தம்.

கடித்துவிட்டது, பிறாண்டிவிட்டது. என்ன செய்வது?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். பூனையாலும் வெறிநோய் வரும். 0, 3, 7, 28 என்று நாள் குறித்துக் கொடுத்தால் கடைசி ஊசி வரை போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு ஊசியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். பூனை கடித்த இடம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், டாக்டரிடம் பூனைக்கடி என்று சொல்லுங்கள்.

அசோசியேஷனில் விட மாட்டேன் என்கிறார்கள்.

விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி, உரிமையாளர் இல்லாத சமூக விலங்குகளுக்குச் சோறு வைக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. அதே விதி, குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் இவற்றிலிருந்து தள்ளி வைக்கவும் சொல்கிறது. விஷம் வைப்பேன் என்று யாராவது கிளம்பினால், விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை என்று சொல்லிவையுங்கள்.

ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். "நம்ம கட்டடத்தில் பதினாலு, அதில் எட்டுக்கு ஆச்சு, ஆறு பாக்கி, எனக்குக் கூண்டு தூக்க ஓர் ஆள் வேண்டும்" என்றால் பேச்சு வேறு மாதிரி போகும்.

நாய்க்கு மாநகராட்சி செய்கிறது. பூனைக்கு?

நாய்க்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சென்னையின் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தது. பிடித்துக் கொல்வதை விட்டு மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். பூனை இன்னும் தனியாட்கள் தலையில்தான் விழுகிறது. செலவுக்கு முதலில் பக்கத்துப் பிராணிகள் நல அமைப்பையும், வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் கேளுங்கள். தனியார் கிளினிக்கில் பெட்டைக்குக் கடுவனைவிட அதிகம் ஆகும். தெருப்பூனை, நாலைந்தாகக் கொண்டுவருவேன் என்றால் பலர் குறைத்துக்கொள்வார்கள். ஆட்டோவுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள், கூண்டில் பூனை என்றதும் மீட்டர் மறந்துவிடும்.

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது.

வரும். வருஷத்துக்கு இரண்டு மூன்று எங்களுக்கும் வருகிறது. இடது காதைப் பாருங்கள். நுனி இல்லை என்றால் வேறு யாரோ எங்கேயோ ஏற்கெனவே கூண்டு தூக்கியிருக்கிறார்கள், சோறு வைத்துவிட்டு நோட்டில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நுனி இருந்தால், இன்றைக்கே நெத்திலி வாங்கிவையுங்கள்.